‘என்று’ வருமிடமெல்லாம் ‘தட்’ அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் ஆங்கிலப் பாடத்தில் வகுப்பு நேரம் முழுவதும் காலமாற்றத்துக்கே போய்விடுகிறது. ‘இஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘டுமாரோ’ ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகும் என்று பிள்ளைகள் தடையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். பிழை விழுவதோ ‘செட்’, ‘டோல்ட்’, ‘ஆஸ்க்டு’, ‘டினைடு’ போன்ற கூற்று வினைகளில்தான்.

தமிழில் ‘என்று’ போட்டுவிட்டால் சொன்னான், கேட்டான், மறுத்தான் எல்லாம் அதன் பின்னால் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வினைக்கு வினை அமைப்பு வேறு. ‘டோல்ட்’ போட்டால் யாரிடம் என்பது ஒட்டியே வரவேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’. ‘செட்’டுக்கு ஆள் கட்டாயமில்லை, ஆளைக் குறித்தால் நடுவில் ‘டு’ வேண்டும். ‘ஹி செட் மீ’, ‘ஹி டோல்ட் டு மீ’ இரண்டுமே தவறு. ‘எங்கே வசிக்கிறாய் என்று கேட்டாள்’ என்பதை ‘ஷி ஆஸ்க்டு மீ தட் வேர் டிட் ஐ லிவ்’ என்று எழுதுவதும் ‘என்று’ செய்யும் வேலைதான். அங்கே ‘தட்’டும் கூடாது, ‘டிட்’டும் கூடாது: ‘ஷி ஆஸ்க்டு மீ வேர் ஐ லிவ்டு’.

பொருளையே கவிழ்த்துவிடுவது ‘டினை’. ‘பணத்தை எடுக்கவில்லை என்று மறுத்தான்’ என்பது நமக்கு இயல்பான வாக்கியம். அதை அப்படியே ‘ஹி டினைடு தட் ஹி ஹேட் நாட் டேக்கன் த மனி’ என்று மாற்றினால், எடுக்கவில்லை என்பதையே அவன் மறுத்ததாக, அதாவது எடுத்ததாக ஆகிவிடும்! ‘டினை’க்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது; மறுபடி ‘நாட்’ எதற்கு? ‘ஹி டினைடு டேக்கிங் த மனி’ போதும். தமிழில் செய்ய மாட்டேன் என்பதும் மறுப்புதான். ஆங்கிலத்தில் அது ‘ரெஃப்யூஸ்டு டு’.

‘அட்வைஸ்டு மீ டு கோ’ சரி என்பதால் ‘சஜெஸ்டட் மீ டு கோ’வும் சரியென்று பலர் நினைக்கிறார்கள். சரியல்ல, ‘சஜெஸ்டட் தட் ஐ கோ’ என்றே வரும்.

வினையை எழுதிப் பக்கத்தில் தமிழ்ப் பொருளை மட்டும் குறித்து வைக்கும் வழக்கத்தால்தான் இத்தனையும். நோட்டில் ஒவ்வொரு வினையையும் முழு வாக்கியத்தோடு எழுதவேண்டும். வாரத்துக்கு 4 வினை போதும். அடுத்து ‘ஐ வில் ஹெல்ப் யூ’ என்ற ஒரே கூற்றைக் கொடுத்து, அது எப்போது ‘ப்ராமிஸ்டு டு ஹெல்ப்’, எப்போது ‘ஆஃபர்டு டு ஹெல்ப்’ என்று சூழலோடு கேட்கலாம். ‘செட் டு’ இருந்தால் ‘டோல்ட்’ போடு என்ற ஒற்றை விதி இங்கே உதவாது.

தங்கள் மாணவர் பக்கத்தில் இலக்கணப் பயிற்சி வெளியிடும்போது, தமிழ் வாக்கியத்தையும் அருகில் அச்சிட்டு, பிழை எங்கிருந்து வருகிறது என்று காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை,
மதுரை.