வளைவில் எரிந்த விளக்கு

போடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏலக்காய் எடுப்பு நடப்பதால் எஸ்டேட் வண்டிகள் எல்லாம் சேறும் சகதியுமாக வந்து நிற்கின்றன. என் மெக்கானிக் கடைக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. பதில் எழுதத் தாமதமானதற்கு அதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதே.

உன் பைக்கைப் பார்த்த கடையில் கொடுத்தார்கள் என்று நீ வைத்து அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். பி0131 என்று ஒரு கோட், அதாவது பழுதைச் சொல்கிற நம்பர். அதற்குக் கீழே ‘ஆக்ஸிஜன் சென்சார் மாற்ற வேண்டும்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு தொகை. பைக் நன்றாகத்தானே ஓடுகிறது, மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்ததற்கா இவ்வளவு என்று கேட்டிருக்கிறாய். அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதே. சென்சார் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அந்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் பெரிய மனிதன் தோரணையில் சொல்லவில்லை. நானே போன ஆடியில் இப்படிக் கையைச் சுட்டுக்கொண்டவன்.

மேலே ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர், தினமும் போடிமெட்டு ஏறி இறங்குகிற ஆள், பைக்கைக் கொண்டுவந்தார். மலையில் போகும்போது எஞ்சின் விளக்கு எரிகிறது, வண்டி ஒரு குலுக்கு குலுக்குகிறது, ஊருக்குள் வந்தால் ஒன்றுமில்லை என்றார். கோட் படிக்கிற ஸ்கேனரை மாட்டினேன். பி0122. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்கிற சென்சாரின் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். அந்த வண்டியில் சென்சாரைத் தனியாகத் தரமாட்டார்கள், எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடுகிற த்ராட்டில் பாடியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மதுரைக்குச் சொல்லி வரவழைத்து மாட்டி, கோட் நம்பரை அழித்து, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். காசு கொஞ்சநஞ்சமில்லை.

ஆறாம் நாள் மனிதர் வந்து நின்றார். அதே விளக்கு, அதே கோட். சத்தம் போடுவார் என்று பார்த்தால், அமைதியாக, “அண்ணே, இந்தத் தடவை எண்ணிக்கிட்டே வந்தேன். இடது பக்கம் ஒடிக்கிற வளைவுல மட்டும்தான் எரியுது” என்றார்.

நம்ம பட்டறை அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் என் பின்மண்டையில் ஒன்று வைத்திருப்பார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியைத் திருப்பி, ஸ்கேனரில் அந்தச் சென்சாரின் வோல்டேஜை ஓடவிட்டுப் பார்த்தேன். 0.6. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தேன், 0.6. இடது பக்கம் ஒடித்தேன், கடைசி ரெண்டு விரல்கடையில் சட்டென்று பூஜ்யம். நேராக்கினேன், மறுபடி 0.6. ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தால், யாரோ கூடுதலாக மஞ்சள் விளக்கு மாட்டியபோது ஒயரிங் கட்டை கழுத்துப் பக்கம் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை ஒடிக்கும்போதும் ஒயர் இழுபட்டு, சட்டத்தில் உரசி உரசித் தோல் போய், செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சாலிடர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கட்டைத் தளர்த்திவிட்டேன். அரை மணி நேர வேலை. பழைய த்ராட்டில் பாடியையே திருப்பி மாட்டினேன், இன்றுவரைக்கும் ஓடுகிறது. புதியதை ஸ்பேர் கடையில் திரும்ப எடுக்கவில்லை. அவர் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அட்டைப் பெட்டியோடு அது இன்னும் கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை.

நீ தொழிலை விட்டுத் திருப்பூர் போனபோது இந்தச் சங்கதி எதுவும் பெரிதாகக் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தந்த கார்ப்பரேட்டருக்கு அநேகமாக விடை கொடுத்துவிட்டார்கள். பெட்ரோலை இன்ஜெக்டர் அடிக்கிறது, எவ்வளவு அடிக்க வேண்டும் என்று ஈ.சி.யு. என்கிற பெட்டி கணக்குப் போடுகிறது. அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் சென்சார்கள்தான். முதலில் வந்த வண்டிகள் ஒயர் அறுந்திருக்கிறதா, ஷார்ட்டாகியிருக்கிறதா என்ற அளவுக்குத்தான் பார்த்தன. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை எஞ்சின் நடுநடுவே எரியாமல் மிஸ்ஸிங் அடிப்பதையும் கண்டுபிடித்துச் சொல்கின்றன. 2025 ஏப்ரலிலிருந்து சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். விளக்கு எரியக் காரணங்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகின்றன.

அந்தப் பெட்டி நேரில் போய் எதையும் பார்ப்பதில்லை. தனக்கு ஒயரில் வந்து சேருகிற வோல்டேஜை மட்டும் பார்க்கிறது. த்ராட்டில் சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்புகிறது, மூடியிருந்தால் அரை வோல்ட் சுமாருக்கும் முழுக்கத் திறந்தால் நாலு, நாலரைக்கும் திரும்பி வர வேண்டும். பூஜ்யம் வந்தால் குறைவு என்று 0122 போடும், ஐந்தை ஒட்டி வந்தால் அதிகம் என்று 0123 போடும். பூஜ்யம் வந்தது சென்சார் செத்ததாலா, நடுவில் ஒயர் சட்டத்தைத் தொட்டதாலா, ஒயர்கள் இணைகிற கப்ளரில் தண்ணீர் போனதாலா என்று அதற்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நாம் அந்த நம்பரைப் படித்துவிட்டுச் சென்சார் பேரைச் சொல்லிவிடுகிறோம். வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் விளக்கு எரிகிறது என்று வருகிற வண்டியில் நான் இப்போதெல்லாம் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் கப்ளரைத்தான் கழற்றுகிறேன். பாதி வண்டியில் உள்ளே இருக்கிற பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சென்சார் கோட் சேர்ந்து வந்தால் இன்னும் சுலபம். மூன்றும் சொல்லிவைத்துக்கொண்டு ஒரே நாளில் சாகாது. அந்த மூன்றுக்கும் பொதுவாகப் போகிற 5 வோல்ட் ஒயரையோ எர்த்தையோ பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டரியைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்து வாய்க்கு வந்த கோட் நம்பரையெல்லாம் போடும்.

கோட் நம்பரைப் படிப்பது ஒன்றும் பிரமாதமில்லை. பி என்றால் எஞ்சின் பக்கம். அடுத்த பூஜ்யம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட் என்று அர்த்தம், 1 இருந்தால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. மூன்றாவது இடத்தில் 1 இருந்தால் காற்று, பெட்ரோல் சமாச்சாரம், 2 என்றால் இன்ஜெக்டர், 3 என்றால் ஸ்பார்க் பிளக்குக்குப் போகிற கரண்ட், மிஸ்ஸிங். கடைசி இரண்டும்தான் குறிப்பாக எது என்று சொல்வது. ஸ்கேனர் இல்லாமலே பார்க்கிற வண்டிகளும் உண்டு. ஹோண்டாவில் விளக்கு சிமிட்டுவதை எண்ண வேண்டும், நீளச் சிமிட்டல் பத்து, குட்டை ஒன்று. ஏழு குட்டை என்றால் எஞ்சின் சூடு சென்சார், எட்டு என்றால் த்ராட்டில், இரண்டு நீளமும் ஒரு குட்டையும் வந்தால் 21, ஆக்ஸிஜன். நம்ம கடைப் பையன் இதைத் தந்தி ஆபீஸ் மாதிரி காதில் பென்சிலோடு உட்கார்ந்து எண்ணுவான்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். ஸ்கேனரை மாட்டியதும் கோட் நம்பரை அழித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவான். கோட் விழுந்த நேரத்தில் எஞ்சின் எத்தனை சூட்டில், எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடிக்கொண்டிருந்தது என்று புது வண்டிகள் ஒரு பதிவு வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போச்சு. திட்டித் திட்டி இப்போது நோட்டில் எழுதிய பிறகுதான் கை வைக்கிறான்.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். அண்ணன் பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டி நிறம் பார்ப்பாரே, ஞாபகமிருக்கிறதா? டீ நிறம் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம். அந்த வேலையைத்தான் ஆக்ஸிஜன் சென்சார் எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற பெண்ட் பைப்பில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் செய்கிறது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், இல்லாவிட்டால் 0.9 பக்கம் ஏறும். நல்ல வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பி0131 என்றால் ஊஞ்சல் கீழேயே நின்றுவிட்டது.

கீழே நிற்க நாலு வழி. நிஜமாகவே பெட்ரோல் குறைவாகப் போகிறது. இல்லை, ஒயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. இல்லை, சென்சாரே போய்விட்டது. நாலாவது, பெண்ட் பைப் இடுக்கில் வெளிக்காற்று நுழைகிறது. அதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். உன் மகன் அண்மையில் சைலன்சரை மாற்றினானா? மறைக்காமல் கேள். அந்த வயதில் நாமும் ஓட்டை போட்டுத் தந்தோம், திட்டாதே. புது சைலன்சர் போடும்போது பெண்ட் பைப்பைக் கழற்றியிருப்பார்கள். எஞ்சினோடு சேருகிற தலைப்பில், இடுக்கை அடைக்கிற பழைய கேஸ்கட்டையே வைத்து முறுக்கியிருப்பார்கள். புகை துடிப்புத் துடிப்பாகத்தானே போகும், இரண்டு துடிப்புக்கு நடுவில் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று நேர்மையாகச் சொல்லும். பெட்டி அதை நம்பிக் கூடுதலாக அடிக்கும்.

அதனால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார். ஸ்கேனர் பெட்ரோல் குறைவு என்கிறது, பிளக் கரியாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். காற்று இழுக்கிறது, அல்லது சென்சார் தப்பாகச் சொல்கிறது. பிளக்கும் வெளுத்திருந்தால் பெட்ரோல் பம்ப்பையும், இன்ஜெக்டரையும், த்ராட்டில் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று, விளக்கு எரிந்து ரொம்ப நாள் ஓட்டியிருந்தால் பிளக் சாட்சி செல்லாது. கோட் விழுந்த பிறகு பெட்டி அந்தச் சென்சார் பேச்சைக் கேட்காமல் மனப்பாடக் கணக்கில்தான் ஓட்டும்.

அடுத்தது, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெண்ட் பைப் தலைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல். குமிழி வந்தால் கேஸ்கட். சுற்றிலும் கரிக்கோடு தெரிந்தால் குமிழிகூடத் தேவையில்லை. கேஸ்கட் விலை ஒரு சாப்பாட்டுக் காசு. ஆனால் அங்கே யாராவது சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அடைத்திருந்தால் எனக்குச் சொல். அந்தப் பேஸ்ட்டிலிருந்து வருகிற ஆவி ஆக்ஸிஜன் சென்சாருக்கு விஷம், அப்படியானால் சென்சார் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

இன்னொன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது, எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. சூடு பார்க்கிற சென்சாரில் கோட் வந்தால் கப்ளரைக் கழற்றுவேன், ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். கப்ளரின் இரண்டு ஓட்டைக்கும் நடுவில் சின்ன ஒயரை வைத்து இணைத்தால் நூற்றுச் சொச்சத்துக்கு எகிறும். இரண்டும் ஒழுங்காக மாறினால் ஒயரும் பெட்டியும் சுத்தம், தைரியமாகச் சென்சாரை மாற்றலாம். போடிநாயக்கனூரில் மைனஸ் 40 டிகிரி! முதல் தடவை பார்த்தபோது கடையில் நாலு பேரும் சிரித்தோம். ஆனால் இதை எல்லாச் சென்சாரிலும் செய்யக் கூடாது, த்ராட்டிலில் 5 வோல்ட் ஒயரை எர்த்தோடு சேர்த்துவிட்டால் வம்பு. உன் மகனிடம் சொல்லாதே, செய்து பார்த்துவிடுவான்.

அண்ணனைப் போன வாரம் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, காது கேட்கிறது. வாசலில் ஒரு வண்டி போனது, “டாப்பெட் தட்டுது” என்றார். உன்னை விசாரித்தார். கார்த்திகைக்கு வந்தால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா.

பிளக் நிறத்தையும் சோப்புத் தண்ணீர் விஷயத்தையும் எழுது. அதுவரை சீட்டை வைத்திரு, கோட் நம்பரை அழிக்க விடாதே. எஸ்டேட்காரர் கால் கிலோ ஏலக்காய் கொடுத்தார், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்காக. அதில் பாதியைத் தங்கச்சிக்குப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் வருகிற லாரிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக் கூட்டாளி