ஒரே ஆய்வகத்தில் இரண்டு வகை ஆய்வாளர்கள் எதற்கு?

நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவன் நான். என்னை நீங்கள் பணியாளராகச் சேர்த்துக்கொண்டீர்கள். நான்கு ஆண்டு ஒப்பந்தம், மாத ஊதியம், மே மாதத்தில் விடுமுறைப் படி, ஆண்டு முடிவில் ஊக்கத்தொகை, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் கிடைத்தன. அடுத்த மேசையில் அமர்ந்திருந்த இந்தோனேசியத் தோழிக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவர் தம் நாட்டு அரசின் உதவித்தொகையில் வந்தவர். இருவருக்கும் ஒரே நெறியாளர். கருவிகளைப் பயன்படுத்த ஒரே பதிவேட்டில் முறை வைத்துக்கொண்டோம், வாரக் கூட்டத்தில் அடுத்தடுத்துப் பேசினோம், ஒரே கட்டுரையில் எங்கள் இருவர் பெயரும் வந்தன. அந்தக் கட்டுரையைப் பல்கலைக்கழகம் தன் சாதனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. தோழியைப் பணியாளர் பட்டியலில் மட்டும் சேர்க்கவில்லை.

இந்த மடலை உங்களுக்கு எழுதினாலும் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களிடம் ஆய்வு செய்யத் தமிழ் மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறோம் என்பது வந்து சேர்ந்த பிறகுதான் அவர்களில் பலருக்குத் தெரிகிறது. அவர்களும் இதைப் படிக்கவேண்டும்.

உங்கள் நாட்டு ஆய்வகத்தில் நான் மிகவும் மதித்தது அங்கு நிலவும் சமத்துவம். பேராசிரியரை முதல் பெயர் சொல்லி அழைக்கலாம். நேற்று வந்த மாணவி அவருடைய கருத்தை எல்லார் முன்னிலையிலும் மறுக்கலாம். அவர் கோபப்படாமல் சான்றைக் கேட்பார். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் ஒரே மேசையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவோம். ஒருவருடைய கட்டுரை ஏற்கப்பட்டால் அவரே கேக் வாங்கிவந்து எல்லாருக்கும் பகிர்வார். பட்டமளிப்பு அரங்கிலும் பாகுபாடு கிடையாது. ஆய்வேட்டைக் கேள்வி கேட்டு எதிர்வாதம் செய்யும் பேராசிரியர்கள் யாரிடமும் சலுகை காட்டுவதில்லை. மணி ஒலிக்கும் கோலுடன் பெடல் எனப்படும் விழா அலுவலர் உள்ளே வந்து, நேரம் முடிந்தது என்று லத்தீனில் அறிவிக்கும்வரை யாராக இருந்தாலும் நின்று பதில் சொல்லியாக வேண்டும். இவ்வளவு கவனமாகச் சமத்துவத்தைக் காப்பவர்கள், மனிதவளத் துறையின் கோப்பில் மட்டும் அதை எப்படிக் கைவிட முடிகிறது?

வேறுபாடு பணத்தோடு நிற்பதில்லை. எங்கள் குழுவில் பணியாளராக இருந்த ஒருவர் தாயானபோது பதினாறு வாரம் முழு ஊதியத்துடன் விடுப்பு எடுத்தார். அந்தக் காலம் அவருடைய ஒப்பந்தத்தின் இறுதியில் கூட்டித் தரப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த இந்தோனேசியத் தோழி தாயானார். அவருக்கு உதவித்தொகை வழங்கிய அமைப்பின் விதிகளில் ஆய்வுக் காலத்தை நீட்டிக்க வழியில்லை. ஜகார்த்தாவிலிருந்து பதில் வர மாதங்கள் ஆயின. பல்கலைக்கழக அலுவலகமோ, அவர் எங்கள் பணியாளர் அல்லர் என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி முடித்துக்கொண்டது. குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே அவர் ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டார். பால் எடுத்துவைக்கத் தனியறை கேட்பதற்குக்கூட, தமக்கு அந்த உரிமை உண்டா என்று தயங்கினார். அவர் தயங்கியதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நோயிலும் இதே நிலைதான். பணியாளருக்கு ஊதியம் தொடரும், பல்கலைக்கழக மருத்துவரின் ஆலோசனை கிடைக்கும். உதவித்தொகை ஆய்வாளருக்குக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். வாடகைக்கு அறை தேடும்போது உரிமையாளர்கள் வேலை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் கேட்கிறார்கள். அறைப் பஞ்சம் கடுமையாக இருக்கும் உங்கள் நகரங்களில், வெளிநாட்டு அமைப்பொன்றின் கடிதத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் வரிசையில் கடைசியில்தான் நிற்பார். நான்கு ஆண்டுகளில் ஆய்வேட்டை முடிப்பவர்கள் சிறுபான்மையினர் என்பது உங்களுக்கே தெரியும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் எழுதவேண்டியிருந்தால், பணியாளராக இருந்தவர் வேலையின்மை உதவியை நாட வழியுண்டு. மற்றவருக்கு அதுவும் இல்லை.

லைடன் நகரில் 1911 ஏப்ரல் 8 அன்று நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். இயற்பியலாளர் ஹைக்கே காமர்லிங் ஓன்னெஸும் கருவி வல்லுநர் கெரிட் யான் ஃப்ளிமும் குளிரூட்டும் கலத்தின் அருகே இருந்தார்கள். வேறோர் அறையில் கில்லெஸ் ஹோல்ஸ்டும் கோர்னெலிஸ் டோர்ஸ்மனும் பாதரசத்தின் மின்தடையை அளந்துகொண்டிருந்தார்கள். அளவு ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்கியது. கடுங்குளிரில் மின்தடை மறைந்துபோகும் மீகடத்தல் கண்டறியப்பட்டது அப்படித்தான். கட்டுரை வெளியானபோது ஆசிரியராக இருந்தது காமர்லிங் ஓன்னெஸ் பெயர் மட்டுமே. அக்கால வழக்கம் அது. அவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. தனியொருவரின் அறிவால் மட்டும் அறிவியல் நடக்காது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 1901-இல் கருவி செய்வோருக்கென்று ஒரு பள்ளியையே அவர் நிறுவினார். அங்கே பயின்ற, நீல மேலங்கி அணிந்த இளைஞர்கள் இல்லாமல் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கியிருக்க முடியாது. இன்று அதே சோதனை நடந்தால், அளவெடுத்தவர் பெயர் கட்டுரையில் இடம்பெறாமல் போவதை எந்த இதழும் ஏற்காது. அந்த நேர்மையை நாம் கற்றுக்கொண்டோம். அளவெடுப்பவரின் பேறுகால விடுப்பையும் அதே நேர்மையுடன் பார்க்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பல்கலைக்கழக உதவித்தொகையில் ஆய்வு செய்தவர்கள் உண்மையில் பணியாளர்களே என்று உங்கள் உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. பிறகு 2016-இல், ஆய்வாளர்களை மாணவர்களாகச் சேர்க்கும் சோதனைத் திட்டம் ஒன்றுக்கு அரசு இடம் கொடுத்தது. க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் அதைப் பெரிய அளவில் நடத்தியது. தலைப்பைத் தாமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைக்கும், படிக்க நேரம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. ஒரே தாழ்வாரத்தில் இருவேறு வருமானம், இருவேறு உரிமை என்ற கசப்பு ஆய்வாளர்களிடையே வளர்ந்தது. முனைவர் பட்ட ஆய்வாளர்களின் தேசிய அமைப்பு தொடக்கம் முதலே எதிர்த்தது. இறுதியில் அந்தத் திட்டம் நிலையான சட்டமாகவில்லை. நீங்கள் உங்கள் சொந்தப் பணத்தில் செய்யக்கூடாது என்று ஆகிவிட்ட ஒன்றை, சீனாவோ இந்தோனேசியாவோ மெக்சிகோவோ பணம் அனுப்பினால் செய்யலாம் என்பது எந்த வகையில் நியாயம்?

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. எல்லாரையும் பணியாளராக்கினால் இடங்கள் குறையும், ஏழை நாடுகளிலிருந்து வரும் திறமையாளர்களுக்கு இருக்கும் ஒரே வழியும் அடைபடும் என்பீர்கள். அந்த வழி அடைபட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் தோழி அந்த வழியாகத்தான் வந்தார். வராமல் போயிருந்தால் அவருக்கு மட்டுமல்ல, எங்கள் துறைக்கும் இழப்பு. ஆனால், அவர் பெறும் முனைவர் பட்டம் உங்களுக்கு வரும் அரசு நிதியின் கணக்கிலும் சேர்கிறது. பட்டம் பெற்றவர் பணியாளரா, உதவித்தொகை பெற்றவரா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஊதியச் செலவு இல்லாமல் வந்த அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அவருக்கே திருப்பிச் செலவிடுங்கள் என்கிறேன்.

காலம் கடினமானது என்பதையும் அறிவேன். உயர்கல்வி நிதி வெட்டுகளை எதிர்த்து 2024 நவம்பர் 25 அன்று த ஹேக் நகரின் மாலிவெல்ட் திடலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் தோளோடு தோள் நின்றார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. நிதி சுருங்கும்போதுதான் ஊதியம் கொடுக்கவேண்டியிராத ஆய்வாளர்களைக் கூடுதலாகச் சேர்க்கும் ஆசை வளரும் என்பதால் இதை இப்போதே எழுதுகிறேன்.

உதவித்தொகை வழங்கும் அமைப்பு அனுமதிக்குமானால், அந்தத் தொகையோடு மீதியைச் சேர்த்து ஆய்வாளரைப் பணியாளராக அமர்த்துங்கள். அனுமதிக்காவிட்டால், அவர்கள் வருவதற்கு முன்பே எழுத்தில் உறுதி கொடுங்கள்: பேறுகாலத்துக்கும் நீண்ட நோய்க்கும் ஆகும் காலத்தை நாங்கள் நீட்டித்துத் தருவோம், அந்த மாதங்களின் செலவை நாங்கள் ஏற்போம், காப்பீட்டில் குறை இருந்தால் ஈடுசெய்வோம், பணியாளருக்குரிய விடுமுறை நாள்கள் உங்களுக்கும் உண்டு என்று. தொகை வாழ்க்கைச் செலவுக்குப் போதாதபோது கூட்டிக் கொடுக்கும் வழக்கம் உங்களில் சிலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நெறியாளரின் இரக்கத்துக்கு விடாமல் விதியாக்குங்கள். அறிவிப்பில் முதல் வரியிலேயே, இது ஊதியப் பணியா உதவித்தொகை இடமா என்று சொல்லுங்கள்.

இங்கு வர எண்ணும் தம்பி தங்கைகளே, நேர்காணலில் உங்களிடம் கேள்வி உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். பணியாளர் ஒப்பந்தம் உண்டா, நோயுற்றால் காலம் நீளுமா, குழந்தை பிறந்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். நேரடியாகக் கேட்பதை இந்த நாட்டில் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழுவினரே, உங்கள் புதிய கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்குள் இந்த உறுதியை எழுத்தில் தர முதலில் முன்வரும் பல்கலைக்கழகம் எதுவோ, அங்கே போய்ச் சேருங்கள் என்று என்னிடம் ஆலோசனை கேட்கும் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்வேன்.

மரியாதையுடன்,
உங்கள் முன்னாள் ஆய்வாளர் ஒருவன்