செயலாளர் அறிக்கை: சிற்றரங்கத் திட்டம் உட்பட

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் வீட்டுக்கே வந்து சேரும். கூட்ட அழைப்பிதழும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

நம் பகுதிச் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. சில மாதங்களில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் கலைந்தது. தெருவிளக்குகள் குறித்து மனு கொடுக்கப்பட்டது, பெரும்பாலானவை எரிகின்றன. வடிகால் தூர்வாரப்பட்டது. இரத்ததான முகாமும் விளையாட்டுப் போட்டிகளும் வழக்கம்போல் நடைபெற்றன.

இனி, சிற்றரங்கம். சங்கக் கட்டடத்தின் பின்கூடத்தில் உடைந்த நாற்காலிகளைத் தவிர எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எண்பது பேர் அமரக்கூடிய நாடக அரங்காக மாற்றலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். 'அரங்கம்' என்றதும் பலர் பட்டுத் திரையையும் உயர்ந்த மேடையையும் கற்பனை செய்துகொண்டு செலவுக்குப் பயந்துவிட்டார்கள். நான் கேட்பது அதுவல்ல. மேடையே வேண்டாம், தரைதான் ஆடுகளம். மூன்று பக்கமும் படிப்படியாக உயரும் பலகைகள், வெளிச்சம் சிதறாமலிருக்கக் கறுப்புச் சுவர்கள், சில விளக்குகள், வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டு கதவுகள். கடைசி வரிசைக்கும் நடிகரின் குரல் நேரடியாகக் கேட்கும் என்பதால் ஒலிபெருக்கியும் தேவையில்லை. அண்டை வீட்டாருக்குச் சத்தம் தொந்தரவாகும் என்று எழுதிக் கொடுத்த நண்பர் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டுகிறேன். பலகைகளைக் கழற்றி அடுக்கிவிட்டால், அதே கூடத்தில் பொதுக்குழுவும் நடத்தலாம். இன்றைய வருகையைப் பார்த்தால் இடம் மிச்சமாகவே இருக்கும்.

நாடகத்தால் ஒரு பகுதி எப்படித் தழைக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961-இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், ஒரு தெரு உயிர்ப்போடும் பாதுகாப்போடும் இருக்க, வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு காரியங்களுக்காக மக்கள் அங்கே வந்துபோக வேண்டும் என்றார். நம் தெருக்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள், ஒரே நேரத்தில் திரும்பிக் கதவடைத்துக்கொள்கிறார்கள். அதன்பின் நடமாட்டம் இல்லை, நடமாட்டம் இல்லாததால் கடைகள் சீக்கிரம் அடைக்கின்றன, கடைகள் அடைப்பதால் நடமாட்டம் இல்லை. இந்த முடிச்சை எங்காவது ஓரிடத்தில் அவிழ்த்தாக வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நாடகம் இரண்டு நாள்தான் நடக்கும், ஒத்திகையோ இரண்டு மாதம் நடக்கும். மாலை தவறாமல் பதினைந்து பேர் வந்து, பசியோடு வெளியேறி, வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். அரங்கம் தெருவுக்குத் தரும் வரவில் பெரும்பங்கு அதுதான். டிக்கெட் விற்பனையை மட்டும் கணக்கிட்டு இது நட்டம் என்று சொன்னவர்கள் ஒத்திகையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பார்க்க யார் வருவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். கர்நாடகத்தில் ஹெக்கோடு ஒரு சிற்றூர். அங்கே கே. வி. சுப்பண்ணாவும் ஊராரும் 1949-இல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு பின்னர் நாடகப் பள்ளியாகவும், ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவாகவும் வளர்ந்தது. சுப்பண்ணாவுக்கு 1991-இல் மகசேசே விருது கிடைத்தது. நம்மிடம் விருது ஆசை இல்லை, கூடம் இருக்கிறது. பெங்களூரில் 2004-இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா நாடக அரங்கில் நாடகம் தொடங்கிய பிறகு வருபவர்களை உள்ளே விடுவதில்லை. அவ்விதியை நம் கூட்டங்களுக்கும் கொண்டுவரலாமே என்று எனக்குத் தோன்றியதுண்டு. பிறகு தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இத்திட்டத்துக்காகவே கூட்டப்பட்ட சிறப்புக் கூட்டத்தில் கோரம் இல்லாததால் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளே தெருமுனையில், "செயலாளர் நாடகம் போடுகிறார்" என்ற விமர்சனத்தைச் செவிமடுத்தேன். முதல் நாள் கூட்டத்திற்கு வந்து அதையே சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கும், கோரத்துக்கு ஒருவர் கூடியிருப்பார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் இரண்டும் ஏறத்தாழச் சமம், செலவு சற்று முன்னே நிற்கிறது. சந்தா பாக்கி முழுவதும் வசூலானால் பலகைகளுக்கும் விளக்குகளுக்கும் வெளியாரிடம் கையேந்த வேண்டியிராது. பாக்கிதாரர்களின் பெயர்களைப் பொதுக்குழுவில் வாசிக்க நம் விதிகளில் இடமுண்டு. இவ்வாண்டு வாசிக்கவில்லை.

தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், கூடத்தைப் பெருக்கி வைத்த ஊழியருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் கோப்புகளை ஒப்படைப்பேன். அரங்கத்தின் வரைபடமும் அவற்றில் இருக்கிறது. முன்வராவிட்டால் நானே தொடர நேரிடும். தொடர்ந்தால் இத்தீர்மானம் மீண்டும் வரும். ஒத்திகைக்கு ஒரு மாலையும், பலகை அறுக்க ஒரு ஞாயிறும் தரக்கூடியவர்கள் வாசலருகே உள்ள மேசையில் பெயர் எழுதலாம். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்துடன் அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

இவண்,
செயலாளர்