வான்கோழியை எங்கள் முற்றத்தில் நிறுக்கவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் இந்த ஆடி மாதமும் கொம்பனி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து போயிருக்கிறார். வான்கோழிக் குஞ்சு தருகிறோம், தீன் தருகிறோம், நத்தாருக்கு முதல் வந்து ஏற்றுகிறோம், நீங்கள் கொட்டிலையும் உழைப்பையும் தந்தால் போதும் என்பது அவருடைய பேச்சு. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் கையெழுத்துப் போட இருக்கிறார்கள். அதில் இரண்டு வீட்டைப் பெண்கள் தனியாக நின்று நடத்துகிறார்கள். வளர்க்கவேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வளர்க்கட்டும். ஆனால் பறவையை எங்கே வைத்து, யார் முன்னால் நிறுப்பது என்பதை எழுத்தில் வாங்காமல் ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 22 வருடம் வேலை செய்தவன். நெல் கொள்வனவு நாட்களில் தராசடியில் நின்றது நான்தான். சாக்கை ஏற்றுவதற்கு முன் வெறும் தராசைக் கமக்காரருக்குக் காட்டுவோம். முள் பூச்சியத்தில் நிற்பதை அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகே முதல் சாக்கு ஏறும். சாக்கின் எடையைக் கழிப்பதென்றாலும் அவருடைய காதில் விழச் சொல்லித்தான் கழிப்போம். இடம்பெயர்ந்து மரத்தடியில் நிவாரண அரிசி கொடுத்த காலத்திலும் இந்த முறையை நாங்கள் விடவில்லை. அரிசி குறைவாக இருந்த நாளில்கூட, நிறுவையில் பிழை என்று யாரும் எங்களோடு சண்டைக்கு வந்ததில்லை. ஆகவே ஒரு பொருளைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுப்பதென்றால் என்ன என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் வளவில் வான்கோழி புதிதல்ல. மீளக்குடியேறி இரண்டாம் வருடம் என் மனைவி முள்ளியவளையில் இருந்து நான்கு பெட்டையும் ஒரு ஆணும் கொண்டுவந்தார். கறுப்பும் சாம்பலும் கலந்த நாட்டு இனம். கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். கோழியின் கீழ் அடை வைத்தால் அது ஒரு கிழமை கூடுதலாகப் பொறுத்துக் கிடக்கவேண்டும். அப்படிப் பொறுக்கிற கோழி எது என்று மனைவிக்குத் தெரியும். பொரித்த குஞ்சுக்குத் தண்ணீர் எது, தீன் எது என்று தெரியாது. பக்கத்தில் தண்ணீர் இருக்கவே தாகத்தில் சாகும். அதனால் தண்ணீர்த் தட்டில் பிள்ளைகளின் கண்ணாடி மாபிளை இரண்டு மூன்று போட்டு வைப்பார். மினுங்குவதைக் கொத்தப் போய்க் குடிக்கப் பழகிவிடும். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கி முருங்கை இலையோடு பிசைந்து வைப்பார். காலையில் புற்றைக் கிண்டிக் கரையான் கொண்டுவருவது என் வேலை. அவ்வளவுதான் எங்கள் பண்ணை. வருடத்தில் பத்துப் பன்னிரண்டு பறவை விற்போம். முற்றத்திலேயே நிறுத்து, காசைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கட்டிக் கொடுப்போம்.

2023 ஆவணியில் கொம்பனி 50 குஞ்சு தந்தது. எல்லாம் வெள்ளை, நெஞ்சு அகன்ற இனம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கொம்பனிகள் வளர்ப்பது இந்த வகையைத்தான். உரித்த தோலில் கறுப்பு இறகின் அடிக்கட்டை தெரியாது என்பதற்காக வெள்ளை. கொழுத்த நெஞ்சுக்காக இந்த உடம்பு. நெஞ்சு அவ்வளவு கனம் என்பதால் ஆணால் பெட்டையோடு சேர முடியாது. அங்கே எல்லாம் செயற்கைக் கருக்கட்டல்தான். எங்களைப் போன்றவர்களுக்கு இதன் அர்த்தம், இந்தப் பறவையில் இருந்து அடுத்த வருடத்துக்கு ஒரு முட்டைகூட எடுத்து அடை வைக்க முடியாது என்பது. ஒவ்வொரு வருடமும் குஞ்சுக்குக் கொம்பனியிடம்தான் போகவேண்டும். சென்னையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் ஆராய்ச்சி நிலையம் நாட்டுக் கறுப்பையும் சிறிய வெள்ளை இனத்தையும் கலந்து 'நந்தனம் வான்கோழி-1' என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கிராமத்து வளவில் வளர்க்கத்தான் அது. இங்கேயும் எங்கள் கால்நடைத் திணைக்களம் அந்த வழியை யோசிக்கலாம். சரி, அது வேறு கதை.

ஒப்பந்தம் நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். எங்கள் கைக்கு வந்த தாளில் தமிழில் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான். நான் வாசித்து விளங்காமல் போட்டது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இளைப்பாறிய சங்க ஊழியன் எனக்கே இந்த நிலைமை என்றால் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு என்ன கதி?

முதல் கிழமையில் ஐந்து குஞ்சு போனது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை, குஞ்சு என்றால் சாகும்தான். கார்த்திகையில் மழை பிடித்தது. வளவெல்லாம் மண்புழு. ஒருநாள் காலை மூன்று பறவை இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. எச்சம் மஞ்சள் தூள் கரைத்தது போல இருந்தது. செத்த ஒன்றை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் வெட்டிக் காட்டினார். ஈரலில் காசு காசாய் வட்டங்கள். கருந்தலை நோய் என்றார். நாட்டுக்கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டைக்குள் இந்தக் கிருமி ஒளிந்திருக்கும். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும். அதை மண்புழு தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வான்கோழியைக் கொன்றுவிடும். மருந்து கேட்டேன். அமெரிக்காவில் இதற்கென்று இருந்த கடைசி மருந்தையும், அதில் ஆர்சனிக் சேர்ந்திருக்கிறது என்று 2015 இல் நிறுத்திவிட்டார்கள் என்றார். கோழி மேய்ந்த நிலத்தில் வான்கோழியை விடாமல் இருப்பதுதான் வழி என்றும் சொன்னார்.

இந்த ஒரு வசனத்தைக் குஞ்சு கொண்டுவந்த ஆள் ஆவணியில் சொல்லியிருந்தால் கோழியை நான் வேறு பக்கம் அடைத்திருப்பேன். வன்னியில் கோழி மேயாத வளவு எங்கே இருக்கிறது? அது தெரிந்துதானே எங்களிடம் வருகிறார்கள். ஏழு பறவை போனது. ஐந்துக்கு மேற்பட்ட சாவுக்குக் குஞ்சின் விலையைக் கழிப்போம் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்ததாம். மகள் பிறகுதான் வாசித்துச் சொன்னாள்.

மிச்சம் 38. டிசம்பர் 12 ஆம் திகதி லொறி வரும் என்றார்கள். வரவில்லை. கொம்பனித் தீன் 12 ஆம் திகதிக்குக் கணக்குப் பண்ணித் தந்தது, அதோடு முடிந்துவிட்டது. அந்த வயதுப் பறவை தின்கிற அளவு வளர்த்தவருக்குத் தெரியும். ஒரு கிழமைக்கு என் காசில் மூன்று மூடை வாங்கினேன். தொலைபேசி எடுத்தால் நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். கோழி என்றால் இந்தக் கிழமை போகாவிட்டால் அடுத்த கிழமை கடைக்குப் போகும். வான்கோழி அப்படியில்லை. டிசம்பர் 25 ஐத் தாண்டினால் இந்த நாட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. கொம்பனிக்கும் அது தெரியும், எங்களுக்கும் தெரியும். 19 ஆம் திகதி பின்னேரம் லொறி வந்து நின்றபோது, ஏன் பிந்தியது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஏற்றினால் போதும் என்று இருந்தது.

ஆனால் அன்று காலையிலேயே நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். பழைய நெல் தராசை மா மரத்தில் கட்டி 38 ஐயும் ஒவ்வொன்றாக நிறுத்தேன். யூரியாப் பையின் ஒரு மூலையை வெட்டி, தலையை அதால் வெளியே எடுத்துவிட்டால் பறவை அடிக்காது. பைக்குள் இருந்து கழுத்து மட்டும் நீண்டுகொண்டு நிற்கும். பயந்துவிட்டால் அதன் தலை நிறம் மாறும். சிவப்பு வடிந்து, நீலம் வந்து, பிறகு வெளிறிப்போகும். மனைவி ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவித் தடவிப் பிடித்தார். மகள் கொப்பியில் எழுதினாள். மொத்தம் 386 கிலோ.

லொறியில் தராசு இல்லை. தொழிற்சாலையில் நிறுப்போம் என்றார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு ஏற்றியது அடுத்த நாள் மத்தியானம்தான் நிறுக்கப்பட்டது. தொலைபேசியில் ஒரு சீட்டின் படம் வந்தது: 36 பறவை, 341 கிலோ. இரண்டு வழியில் செத்துவிட்டதாம், அது வளர்த்தவர் கணக்காம். இரவு முழுக்கத் தீனும் தண்ணீரும் இல்லாமல் லொறியில் போன உடம்பு குறையும் என்று எனக்குத் தெரியும். நெல்லும் காயக் காய எடை குறையத்தான் செய்யும். அப்படிக் குறைந்தது எவ்வளவு, தராசு குறைத்தது எவ்வளவு என்று சொல்ல அங்கே என் பக்கத்து ஆள் ஒருவர் நிற்கவில்லை. நான் சண்டைக்குப் போகவில்லை. 45 கிலோ போனது. குஞ்சுக் கழிவு, நான் வாங்கிய மூன்று மூடைத் தீன் எல்லாம் போக, ஐந்து மாத உழைப்புக்குக் கையில் வந்ததை எழுதவே மனம் கூசுகிறது.

மகள் விடவில்லை. மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடினாள். வட கரோலைனாவில் பட்டர்போல், மினசோட்டாவில் ஜென்னி-ஓ என்று வருடத்தில் கோடிக்கணக்கான கிலோ வான்கோழி இறைச்சி விற்கும் கொம்பனிகள் உள்ள அமெரிக்காவிலும் ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர்களின் மனக்குறை எங்களுடையது போலத்தான். ஆனால் அங்கே இறைச்சிக் கொம்பனிகளைக் கட்டுப்படுத்த 1921 இலேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். எடையைப் பார்த்துக் காசு கொடுக்கும் ஒப்பந்தமென்றால், ஏற்றிய பறவையைச் சுணங்காமல் கொண்டுபோய், தொழிற்சாலைக்கு வந்த உடனே நிறுக்கவேண்டும் என்று அதன் கீழ் விதியும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் மைத்துனர் வேறொன்று சொன்னார். அங்கே 1974 முதல் வான்கோழி வளர்ப்பவர்களுக்கென்று ஒரு சபை இருக்கிறது. யார் எவ்வளவு வளர்ப்பது என்பதற்குப் பங்கீடு உண்டு. உயிர்ப் பறவையின் விலையை மாகாணச் சபைகள் கொம்பனிகளோடு பேசித் தீர்க்கின்றன. தனி ஆளாகக் கொம்பனி வாசலில் போய் நிற்கும் வேலை அங்கே இல்லை.

இங்கே நான் கேட்பது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. முத்திரை அடித்த தராசை லொறியோடு கொண்டுவாருங்கள். முற்றத்தில் இரண்டு பேரும் பார்க்க நிறுங்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். பறவை லொறியில் ஏறிய பிறகு வரும் சாவும் எடைக் குறைவும் கொம்பனியுடைய கணக்கு. சொன்ன திகதி தாண்டினால் தீன் செலவும் அவர்களுடையது. ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். பால் கொடுக்கும்போது எங்கள் கண்முன்னால்தானே அளந்து எழுதுகிறார்கள், பறவைக்கு மட்டும் ஏன் முடியாது? தராசுக்கு முத்திரை அடிக்க அளவீட்டு அலகுகள் திணைக்களம் இருக்கிறது. மிருக வைத்திய அலுவலகம் ஒப்பந்தம் போடும் வீட்டுக்கு ஒருமுறை வந்து, கோழி எங்கே மேய்கிறது, கொட்டில் எங்கே போடலாம் என்று பார்த்தாலே பாதிச் சாவு குறையும். கால்நடை வளர்ப்பாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பாலுக்கு முன்வந்தது போல இதற்கும் முன்வந்து, பத்து வீட்டுப் பறவையை ஒன்றாக வைத்துப் பேசினால் லொறி 12 ஆம் திகதியே வரும்.

கொம்பனி ஆள் வருகிற வெள்ளிக்கிழமை திரும்பவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் பேனையைத் தொடவேண்டாம் என்று மூன்று வீட்டாரிடமும் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் நுண்கடன் தவணை நெருக்குகிறது, அந்தப் பிள்ளை பொறுப்பாளோ தெரியாது. மேலே எழுதியதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட இடம் விட்டு, நான்கு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கு முன் இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால், மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணிப் பக்கம் இதே தாளுக்கு முன்னால் இருப்பவர்களும் பார்ப்பார்கள். பிரதி வேண்டியவர்கள் ஒட்டுசுட்டான் சந்தைக்கு வரும்போது கேட்டால் தருவேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய கூட்டுறவுச் சங்க ஊழியர்,
ஒட்டுசுட்டான்.