கோழிக்கடை அண்ணனுக்கு ஒரு லெட்டர்: டைனோசர் இன்னும் உசுரோட இருக்கா?

அன்புள்ள அண்ணே,

"டைனோசர்ல ஏதாவது ஒண்ணு இன்னும் உசுரோட இருக்கா தம்பி, பாப்பா கேட்டுட்டே இருக்குது, ஓணானா உடும்பா முதலையா"ன்னு கேட்டீங்க. கடைல ஞாயித்துக்கெழம கூட்டத்துல நின்னுட்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து எழுதுறேன்.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ஓணான் கிடையாது, உடும்பு கிடையாது, முதலையும் கிடையாது. உங்க கடைக் கூண்டுல நிக்குதே கோழி, அது தான் டைனோசர். காக்கா, புறா, மைனா, கொக்கு, மயிலு, பென்குவின், நெருப்புக்கோழி எல்லாமே டைனோசர் தான். சும்மா ஒரு பேச்சுக்கு சொல்லல அண்ணே, இன்னைக்கு இந்த துறைல இருக்குற ஆராய்ச்சியாளர்கள்ல ஏறக்குறைய எல்லாருமே ஒத்துக்கிட்ட விஷயம் இது. பள்ளிக்கூட புக்குல "டைனோசர் அழிஞ்சு போச்சு"ன்னு ஒத்த வரில முடிச்சுடுறாங்க, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு, ஏன்னா பாதி கதை தான் அது.

இதை உங்களுக்கு எழுதுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆதாரத்துல பாதி தினமும் உங்க கை வழியா போகுது. காலேஜ்ல படிச்சவங்க படத்துல பாக்குற எலும்பை எல்லாம் நீங்க கண்ண மூடிட்டே கழட்டுவீங்க.

மொதல்ல தொடையை எடுத்துக்கோங்க. முழுக்கோழில தொடையை மடக்கி திருகி இழுப்பீங்க, பந்து மாதிரி ஒரு எலும்பு முனை டக்குனு வெளிய வரும்ல, அது உக்காந்திருந்த குழியை எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா? இடுப்பெலும்பை வேக வெச்சு சதையெல்லாம் எடுத்துட்டு வெளிச்சத்துல புடிச்சா அந்த குழிக்கு அடி இருக்காது, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஓட்டை தெரியும். ஓணானுக்கும் உடும்புக்கும் அது மூடின குழி, ஓட்டை கிடையாது. ஒரு எலும்புக்கூடு டைனோசரா இல்லையான்னு முடிவு பண்றப்போ பாக்குற முக்கியமான அடையாளத்துல இந்த ஓட்டையும் ஒண்ணு. கால் உடம்புக்கு நேரா கீழ நிக்கிறதோட சேர்ந்து வர்ற அமைப்பு இது. உடும்பு நடக்குறப்போ பாருங்க, காலு ரெண்டு பக்கமும் விரிஞ்சு வயிறு தரையை ஒட்டி போகும், கோழி அப்படியா நடக்குது? காலு உடம்புக்கு நேர் கீழ நின்னு தான் நடக்குது. டி.ரெக்ஸும் அப்படித்தான் நடந்துச்சு.

அப்புறம் நெஞ்சுக்கு மேல, கழுத்து ஆரம்பிக்கிற எடத்துல, கவட்டை ஷேப்புல மெல்லிசா ஒரு எலும்பு இருக்கும், வெட்டுறப்போ பாதி நேரம் உடைஞ்சே வரும். அந்த சின்ன எலும்பால இந்த ஆராய்ச்சியே நாப்பது வருஷத்துக்கு மேல தடம் மாறிப் போச்சுன்னா நம்புவீங்களா? டென்மார்க்ல கெர்ஹார்ட் ஹைல்மன்னு ஒருத்தர், அடிப்படைல ஓவியர், பறவை எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு பெரிய புக்கு எழுதினார், இங்கிலீஷ்ல 1926ல வந்துச்சு. எல்லா எலும்பையும் வரைஞ்சு ஒப்பிட்டு பாத்துட்டு, ரெண்டு கால்ல நடந்து கறி தின்ன டைனோசர் தான் பறவைக்கு ரொம்ப பக்கத்துல இருக்குன்னு அவரே சொல்றார், ஆனா டைனோசருக்கு தான் காரை எலும்பே கிடையாதே, பறவைல ரெண்டு காரை எலும்பும் ஒட்டித்தானே இந்த கவட்டை உருவாகுது, ஒரு தடவை தொலைஞ்சு போன எலும்பு திரும்ப முளைக்காதே, அதனால டைனோசர் இல்ல, அதுக்கும் முன்னாடி வேற ஏதோ ஒரு பிராணி தான்னு முடிச்சுட்டார். அவ்ளோ தெளிவா எழுதியிருந்ததால எல்லாரும் நம்பிட்டாங்க. இதுல என்ன கொடுமைன்னா, 1923ல மங்கோலியால தோண்டி எடுத்த ஓவிராப்டர்ங்கிற டைனோசர்ல அந்த கவட்டை எலும்பு அழகா அப்படியே இருந்துச்சு, வேற ஏதோ எலும்புன்னு பேர் எழுதி வெச்சுட்டாங்க. இன்னைக்கு வெலாசிராப்டர்ல இருந்து டி.ரெக்ஸ் வரைக்கும் எல்லாத்துலயும் அது கிடைச்சிருக்கு.

ஹைல்மனுக்கும் ரொம்ப முன்னாடியே சரியா சொன்ன ஆள் ஒருத்தர் இருந்தார். இங்கிலாந்துல தாமஸ் ஹக்ஸ்லின்னு ஒரு உயிரியல் ஆராய்ச்சியாளர். டைனோசர்ங்கிற பேரே 1842ல தான் ரிச்சர்ட் ஓவன் வெச்சது, அதுக்கப்புறம் முப்பது வருஷம் கூட ஆகல, 1870ல ஹக்ஸ்லி ஒரு கட்டுரைல எழுதுறார், முட்டைக்குள்ள பாதி வளந்த கோழிக்குஞ்சோட இடுப்பையும் காலையும் அப்படியே பெருசாக்கி கல்லாக்கி நம்ம கைல குடுத்தா, அதை டைனோசர் கூட்டத்துல சேக்க தடையா எதுவுமே இருக்காதுன்னு. அவர் எடுத்துக்கிட்டதும் கோழி தான், பாருங்க. முட்டைக்குள்ள இருக்குறப்போ கணுக்கால் எலும்பெல்லாம் தனித்தனியா இருக்கும், வளர வளர ஒட்டிக்கும், அந்த ஒட்டாத நிலைல பாத்தா டைனோசர் கால் தான் தெரியும்.

அதே காலத்துல தான், 1861ல, ஜெர்மனில சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் குவாரிப் பக்கத்துல ஆர்க்கியோப்டெரிக்ஸ்ங்கிற ஆதிப் பறவையோட எலும்புக்கூடு கல்லுல பதிஞ்சு கிடைச்சது. 15 கோடி வருஷம் பழசு. ரெக்கை இருக்கு, இறகு பதிஞ்ச தடம் துல்லியமா இருக்கு, கூடவே வாய்ல பல்லு, ரெக்கை நுனில நகத்தோட விரல், பின்னாடி நீளமா எலும்பு வாலு. இதோட இன்னொரு எலும்புக்கூடு 1951ல அதே பகுதில கிடைச்சப்போ ஏதோ சின்ன டைனோசர்னு நினைச்சுட்டாங்க, ஏறக்குறைய இருபது வருஷம் கழிச்சு தான் மங்கலா இருந்த இறகுத் தடத்தை கவனிச்சு அட இது ஆர்க்கியோப்டெரிக்ஸ் ஆச்சேன்னு மாத்தினாங்க. இறகுத் தடம் கண்ணுல படலேன்னா நிபுணருக்கே வித்தியாசம் தெரியலங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்!

ஹைல்மன் புக்கால நின்னு போன வண்டியை திரும்ப கிளப்புனது ஜான் ஆஸ்ட்ரம், அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டி. 1964ல மொண்டானால ஒரு டைனோசரை கண்டுபிடிச்சு 1969ல அதுக்கு டைனோனிக்கஸ்னு பேர் வெச்சார். அதோட மணிக்கட்டுல அரைவட்டமா ஒரு சின்ன எலும்பு இருந்துச்சு, அது இருந்தா கையை மேல கீழ மட்டும் இல்லாம பக்கவாட்டுல மடக்கலாம். கோழி ரெக்கையை உடம்போட ஒட்டி மடக்கி வெச்சுக்குமே, அதே மடக்கு. ரெக்கை நுனியை அடுத்த தடவை கொஞ்சம் உரிச்சு பாருங்க, கட்டைவிரல் மாதிரி தனியா ஒரு துண்டு, பக்கத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டின ரெண்டு விரல், மொத்தம் மூணு. டைனோனிக்கஸ் கைலயும் மூணு விரல் தான். ஆஸ்ட்ரம் எலும்பை மட்டும் வெச்சு சொன்னப்போ நிறைய பேர் ஒத்துக்கல. 1996ல சைனால லியாவோனிங் பகுதில இருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் வந்துச்சு, கோழி சைஸ்ல ஒரு டைனோசர், தலைல இருந்து வால் வரைக்கும் பூ மாதிரி மெல்லிசான இறகு. அதுக்கப்புறம் அங்க இருந்து வரிசையா வந்துட்டே இருக்கு. சைனோசாரோப்டெரிக்ஸ் இறகுல இருந்த நிறத் துகளை வெச்சு, வாலுல செம்பட்டையும் வெள்ளையும் பட்டை பட்டையா இருந்துச்சுன்னு 2010ல கண்டுபிடிச்சுட்டாங்க. சினிமால வர்ற வெலாசிராப்டர் வழவழன்னு பெருசா இருக்கும், உண்மைல அது வான்கோழி சைஸ், அதோட கை எலும்புல இறகு வேர் ஒட்டுற முடிச்சு இருக்குறத 2007ல காட்டினாங்க.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது அந்த ஓவிராப்டர் கதை தான். 1923ல கிடைச்ச எலும்புக்கூடு முட்டைக் குவியல் மேல கிடந்துச்சு, அது வேற டைனோசரோட முட்டைன்னு நினைச்சு, முட்டை திருட வந்து அங்கேயே செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணி திருடன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரும் வெச்சுட்டாங்க. எழுபது வருஷம் கழிச்சு 1993ல அதே மாதிரி முட்டை ஒண்ணுக்குள்ள குஞ்சோட எலும்பு கிடைச்சது, பாத்தா அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு. அதே கோபி பாலைவனத்துல அந்தக் குடும்பத்துல இன்னொண்ணு அடை உக்காந்த நிலைலயே மணல்ல புதைஞ்சு கிடைச்சது, முட்டையெல்லாம் வட்டமா சுத்தி அடுக்கியிருக்கு, நடுவுல காலை மடக்கி உக்காந்து ரெண்டு கையையும் முட்டை மேல விரிச்சு வெச்சிருக்கு. அடை காக்குற நாட்டுக்கோழியை நீங்க எவ்ளோ பாத்திருப்பீங்க. அந்த போட்டோவை பாப்பாவுக்கு கண்டிப்பா காட்டுங்க, நான் போன்ல அனுப்புறேன்.

சரி, இவ்ளோ மாறிப் போச்சே, பல்லு இல்ல, வாலு இல்ல, பறக்குது, அப்புறமும் டைனோசர்னு எப்படி சொல்லலாம், "டைனோசர்ல இருந்து வந்தது"ன்னு சொன்னா போதாதான்னு கேப்பீங்க. வவ்வாலை எடுத்துக்கோங்க அண்ணே. பறக்குது, கை ரெக்கையா மாறிப் போச்சு, அதுக்காக பாலூட்டில இருந்து வந்ததுன்னு சொல்லி பாலூட்டி லிஸ்ட்ல இருந்து தூக்கிடுறோமா? திமிங்கலம் கடல்லயே கிடக்குது, காலே இல்ல, அதுவும் பாலூட்டி தான். ஒரு வம்சத்துல பொறந்தது எவ்ளோ மாறினாலும் அந்த வம்சம் தான், இது தான் இன்னைக்கு உயிரினத்தை வகை பிரிக்கிற முறை. அதனால பறவையை மட்டும் வெளிய நிறுத்துறதுக்கு ஒரு நியாயமும் எனக்கு தெரியல. சொந்தத்தை பாத்தாலும் அப்படித்தான், டி.ரெக்ஸுக்கு மூணு கொம்பு வெச்ச ட்ரைசெராடாப்ஸை விட உங்க கோழி தான் நெருங்கின சொந்தம், டி.ரெக்ஸும் ட்ரைசெராடாப்ஸும் ஒரே காட்டுல வாழ்ந்திருந்தாலும். அதுக்காக ஃபேஸ்புக்ல போடுற மாதிரி டி.ரெக்ஸ் தான் கோழியோட தாத்தான்னு பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அது தப்பு. ஆர்க்கியோப்டெரிக்ஸ் 15 கோடி வருஷம், டி.ரெக்ஸ் 7 கோடி வருஷம் கூட இல்ல, பேரன் முன்னாடி பொறந்து தாத்தா பின்னாடி பொறக்க முடியாதுல்ல. ரெண்டும் பங்காளி முறை.

6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மெக்சிகோ பக்கம் விண்கல் விழுந்துச்சே, அதுல பறவை அல்லாத டைனோசர் எல்லாம் போச்சு. பறவைலயும் நிறைய போச்சு, பல்லு வெச்ச பறவைக் கூட்டமெல்லாம் அதோட சரி. தப்பிச்சது ஒரு சில வம்சம் தான். அதுல ஒண்ணு கோழியும் வாத்தும் சேந்த வம்சம்! பெல்ஜியத்துல கிடைச்ச ஒரு மண்டை ஓட்டை 2020ல அறிவிச்சாங்க, ஆஸ்டீரியார்னிஸ்னு பேரு, விண்கல் விழறதுக்கு முன்னாடி, பத்து லட்சம் வருஷத்துக்கும் கம்மியான இடைவெளில வாழ்ந்தது, முகம் பாதி கோழி பாதி வாத்து மாதிரி இருக்குன்னு அதிசயக் கோழின்னே செல்லப் பேர் வெச்சுட்டாங்க. அதாவது டி.ரெக்ஸ் உலாத்திட்டு இருந்த காலத்துலயே கோழியோட சொந்தக்காரங்க கடற்கரைல மேஞ்சுட்டு இருந்திருக்காங்க. தப்பிச்ச அந்த கொஞ்சத்துல இருந்து பெருகி இன்னைக்கு பறவை இனம் மட்டும் 10,000க்கும் மேல, பாலூட்டி 6,000 சொச்சம் தான். க்யூபால ஒரு தேன்சிட்டு மாதிரி குருவி இருக்கு, எடை ரெண்டு கிராம், நமக்கு தெரிஞ்ச டைனோசர்லயே சின்னது அது தான்.

முதலையை பத்தி கேட்டீங்கள்ல, அது கொஞ்சம் விசேஷம். டைனோசர் இல்ல, ஆனா இன்னைக்கு உசுரோட இருக்குறதுல பறவைக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் முதலை தான், உடும்பை விட கோழி தான் முதலைக்கு பக்கம். ரெண்டு வம்சமும் ஏறக்குறைய 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சது. முதலைக்கும் கோழிக்கும் இதயத்துல நாலு அறை, உடும்புக்கு அப்படி கிடையாது. இந்தோனேசியால இருக்குற கொமோடோ எவ்ளோ பெருசா இருந்தாலும் உடும்பு தான். வானத்துல பறந்த பெரிய டெரோசார், கடல்ல நீந்தின நீளக்கழுத்து பிராணி, அதெல்லாம் டைனோசர் காலத்துல இருந்தது, டைனோசர் கிடையாது, புக்குல ஒண்ணா சேத்து படம் போட்டுடுறாங்க. 2020ல பெரம்பலூர் குன்னம் பக்கம் டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சே, அதுவும் முட்டை இல்ல, அந்தப் பக்கமெல்லாம் அப்போ கடல், கடல் பிராணி அம்மோனைட்டை சுத்தி மண்ணு உருண்டையா இறுகினது தான் அது.

ஒரு உதவி பண்ணுங்க அண்ணே. அடுத்த தடவை நல்லா வளந்த நாட்டுக்கோழி வந்தா இடுப்பெலும்பை கத்தி போடாம முழுசா எடுத்து வைங்க, கூடவே அந்த கவட்டை எலும்பு, ஒரு ரெக்கை, ஒரு கால். நல்லா வேக வெச்சு, சதையை பழைய பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு வெயில்ல ரெண்டு நாள் காய வெச்சா போதும், ப்ளீச்சிங் பவுடர் மட்டும் வேணாம், எலும்பு அரிச்சுடும். வெள்ளிக்கெழம சாயந்தரம் கடை காலியா இருக்கும்ல, பாப்பாவை கூட்டிட்டு வாங்க, எந்த எலும்பு எதுன்னு நான் உக்காந்து சொல்லித் தரேன்.

இப்படிக்கு,
வாரா வாரம் முக்கால் கிலோ வாங்குற தம்பி