மாதம் முந்நூறு பேக்லிங்க் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூகுள் தேடலில் தளங்களை மேலே கொண்டுவருவதாகச் சொல்லும் எஸ்இஓ நிறுவனங்கள் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றி ஒரு இணையதளம் நடத்துகிறேன். அதற்கு மற்ற தளங்களிலிருந்து பேக்லிங்க், அதாவது என் பக்கத்தைக் காட்டும் இணைப்புகள், வாங்க உங்களில் ஒருவரிடம் ஆறு மாதம் வாடிக்கையாளராக இருந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பழி அவர் ஒருவர்மீது போய்விடும், மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

மாதம் பிறந்தால் ஒரு எக்செல் ஷீட் வரும். முந்நூறு வரி. ஒவ்வொரு வரியிலும் எனக்கு இணைப்புக் கொடுத்த ஒரு தளத்தின் முகவரி, பக்கத்தில் அதன் டிஏ (டொமைன் அத்தாரிட்டி) மதிப்பெண், எல்லாம் பச்சை நிறத்தில். பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. நான்காவது மாதம் ஒருநாள் வேலை எதுவும் ஓடாமல் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் எனக்கு மேலே சூதாட்டத் தளம், கீழே உடல் இளைக்க மாத்திரை. இன்னொன்று பல்வலி பற்றிய கட்டுரை. அதன் நடுவே திடீரென்று ‘சிறந்த சைக்கிள் செயின்’ என்று என் பக்கத்துக்கு இணைப்பு. முந்நூறில் பாதிக்கு மேல் ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது சொடுக்கினால் என் பக்கம் திறக்கும் எழுத்து, அதே மூன்று சொற்கள். சொல்லி வைத்தாற்போல் உலகமே ஒரே வாக்கியத்தில் என்னைப் புகழ்கிறதாம்!

கேட்டபோது, “டிஏ பாருங்கள் சார், ஐம்பதுக்கு மேல்” என்றார்கள். டிஏ என்பது ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மோஸ் என்ற நிறுவனம் தன் கணக்குக்காக உருவாக்கிய மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. இது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்பதுதான் உங்கள் வியாபாரம்.

இணைப்புக்கு ஏன் மதிப்பு வந்தது என்பதையும் நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பின்னாளில் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது, ஆய்வுக் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் வழக்கத்தை இணையத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. பரிந்துரைப்பவர் மதிப்புள்ளவர் என்றால் பரிந்துரையின் எடையும் கூடும். 1998இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் சாரம் இதுதான். பரிந்துரைக்கு விலை வைத்த அன்றே பரிந்துரை விளம்பரமாகிவிடுகிறது. விளம்பரம் செய்வதில் தப்பில்லை. இந்த இணைப்பைப் பரிந்துரையாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்ல நோ-ஃபாலோ குறிச்சொல் 2005 முதலும், இது பணம் கொடுத்த இணைப்பு என்று சொல்ல ஸ்பான்சர்ட் குறிச்சொல் 2019 முதலும் இருக்கின்றன. உங்கள் ஷீட்டில் இருந்த எந்த இணைப்பிலும் இரண்டில் ஒன்றுகூட இல்லை.

2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசைக் கணக்கில் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது இப்படிப்பட்ட இணைப்புகளை நம்பியிருந்த தளங்கள் தரவரிசையில் சரிந்தன. 2016க்குப் பிறகு தண்டிப்பதைவிட அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது அதிகம். அதாவது நான் ஆறு மாதம் பணம் கொடுத்து வாங்கியது பெரும்பாலும் பூஜ்யம். அதிர்ஷ்டம் கெட்டால், கூகுள் ஊழியர் ஒருவர் கையாலேயே தண்டிக்கும் அபாயமும் சேர்த்து. இதில் வேடிக்கை, நான் விலகிக்கொள்கிறேன் என்றதும் அதே நிறுவனம் அந்த இணைப்புகளை ‘டிஸ்அவோ’ செய்து, அதாவது கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளின் கருவி வழியே தெரிவித்து, சுத்தம் செய்து தருவதாகத் தனிக் கட்டணம் சொன்னது. பெரும்பாலான தளங்களுக்கு அந்தக் கருவியே தேவைப்படாது என்று கூகுள் சொல்கிறது. வீட்டில் எலியை விட்டவரே எலிப்பொறியும் விற்க வந்தால் எப்படி இருக்கும்?

அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படலாம். சைக்கிளின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதற்கேற்பச் செயினின் அகலம் மாறும். எட்டுப் பல்சக்கரத்துக்கான செயின் பதினொரு பல்சக்கரம் உள்ள சைக்கிளில் சரியாக உட்காராது. எதற்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒரே அட்டவணையாகப் போட்டேன். செயின் எவ்வளவு நீண்டால் மாற்ற வேண்டும் என்பதையும் அளந்து காட்டிப் படத்தோடு சேர்த்தேன். மூன்று வாரம் பிடித்தது, கையெல்லாம் கிரீஸ். பிறகு சைக்கிள் பற்றி எழுதும் தளங்களில் செத்துப்போன இணைப்புகளைத் தேடினேன். முன்பு இதே விஷயத்துக்காக அவர்கள் காட்டிய பக்கம் இப்போது இல்லை என்றால், ‘உங்கள் பக்கத்தில் இந்த இணைப்பு திறக்கவில்லை, வேண்டுமானால் என் அட்டவணையைப் பாருங்கள்’ என்று நாலு வரி. நாற்பது பேருக்கு எழுதினேன். பெரும்பாலானோர் பதிலே போடவில்லை. ஏழு பேர் இணைப்பை மாற்றினார்கள். அதில் ஒருவர் அட்டவணையில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி, திருத்திய பிறகுதான் இணைப்புக் கொடுப்பேன் என்றார். திருத்தினேன். அவர் தளத்திலிருந்து இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

முந்நூறுக்கு எதிரே ஏழு. இதை விற்பது கடினம் என்று புரிகிறது. வாடிக்கையாளர்களான நாங்களும் எண்ணிக்கையைத்தான் கேட்கிறோம், அந்தப் பழியில் பாதி எங்களுடையது. ஆனாலும் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு நல்ல பக்கம் உருவாக்கித் தருகிறோம், அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று தேடித் தருகிறோம் என்று உங்களில் யாராவது சொல்லியிருந்தால், கொடுத்த பணத்தை மனம் கோணாமல் கொடுத்திருப்பேன்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த எக்செல் ஷீட்டில் டிஏ இருக்கும் இடத்தை எடுத்துவிட்டு இரண்டு புதிய கட்டங்கள் போடுங்கள். ஒன்று, இந்த இணைப்புக்குப் பணம் கொடுத்தோமா. இன்னொன்று, இதைச் சொடுக்கி இந்த மாதம் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் வாடிக்கையாளர்