பறைக்கு முதலில் நெருப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கல் நெருங்குகிறது. திடலில் பறையாட்டம் வைக்க ஊருக்கு ஊர் கூட்டம் போட ஆரம்பித்திருப்பார்கள். பேனரில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பேசி முடித்தபின் நேரம் மிச்சமிருந்தால், விழாக் குழுவினர் இதையும் படிக்கட்டும்.

போன வருடம் எங்கள் பகுதி விழாவில் சாயங்காலம் பறையைக் காய்ச்ச இடம் கேட்டார்கள் கலைஞர்கள். மைதானத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார் பொறுப்பாளர். கடைசியில் மதில்சுவருக்கு வெளியே, குப்பைத்தொட்டி ஓரமாகக் காய்ச்சினார்கள். எனக்குச் சுருக்கென்றது. பறையை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த காலம் மலையேறிவிட்டது என்று மைக்கில் பேசக் காத்திருந்தவர்கள் எல்லாம் உள்ளே நாற்காலியில் இருந்தார்கள்.

பறையில் இருப்பது மாட்டுத்தோல். தை மாதப் பனியில் அது ஈரத்தை இழுத்துத் தொய்ந்துபோகும். அடித்தால் தொப்பு தொப்பென்றுதான் கேட்கும். வைக்கோலைக் கொளுத்தி, அனலில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமானால் தோல் கருகும், சட்டத்தில் ஒட்டிய புளியங்கொட்டைப் பசையும் விட்டுவிடும். அன்று வந்த பெரியவர் நொடிக்கொரு தரம் உள்ளங்கையால் தோலைத் தடவி, விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் ‘கணீர்’ என்றது. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னைக் கேட்டால் அன்றைய விழாவிலேயே அதுதான் நல்ல நேரம்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. காய்ச்சிய பறையோடு அவர்கள் வந்து நிற்க, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று முக்கால் மணி நேரம் ஓடியது. தோல் மறுபடி தொய்ந்தது. இரவு பத்து மணிக்கு மேல் மைக் கூடாது, இருபது நிமிடத்தில் முடியுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆடுகளத்தில் வேறு வழவழவென்று கம்பளம். சலங்கை கட்டிய வெறுங்கால் அதில் வழுக்காமல் என்ன செய்யும்? மண்தரைதான் வசதி என்று அவர்களே முதலில் சொன்னார்களாம். போட்டோவில் நன்றாக இருக்காது என்று விரித்துவிட்டோம்.

ஃபைபர் பறை வாங்கினால் நெருப்பே தேவையில்லையே என்றார் குழுவில் ஒருவர். பயிற்சிக்குச் சரி, மழைக்கும் சரி. தோலின் நாதம் அதில் வருவதில்லை. 2025-இல் பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்த உற்சாகத்தில் கால்வாசியாவது ஒரு கட்டு வைக்கோல் மேல் இருக்கக் கூடாதா?

பெரிய செலவொன்றும் இல்லை. ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே மணல் பரப்பிய ஓர் இடம், இரண்டு வாளித் தண்ணீர், காவலுக்கு ஓர் ஆள். அனுமதிக் கடிதத்தில் இதையும் முன்கூட்டியே எழுதிவிட்டால் கடைசி நேரத் தகராறு இருக்காது. பேச்செல்லாம் முடிந்த பிறகு காய்ச்சச் சொல்லுங்கள். அதையும் ஜனங்கள் பார்க்கட்டும்.

இந்த வருடம் ஏற்பாட்டில் நானும் இருக்கிறேன். வைக்கோலுக்குச் சொல்லியாயிற்று, மணலும் வந்துவிடும். வாழ்த்துரையைச் சுருக்கச் சொல்லி யார் போய்ப் பேசுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.